தண்டல் கட்டிய முடிச்சு

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தவர் என் பெரியப்பா. இரண்டாவதாகப் பார்த்தவன் நான். இருவருக்கும் இடையே அரை நிமிடம்தான் வித்தியாசம். மண்டபம் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் அவர். இருந்தாலும் அந்த வரிசையை அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. திண்டுக்கல்லில் யார் கடலைப் பற்றிப் பேச்செடுத்தாலும் "நாந்தான் மொதல்ல பாத்தேன், எனக்கடுத்து இவன்" என்று என்னைக் காட்டுவார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருக்கும். என் வயதுப் பையன்கள் ஆழமான தண்ணீர் என்று பார்த்தது தோட்டத்துக் கிணற்றை. நானோ பாய்மரப் படகில் தீவு தீவாகப் போய்வந்தவன்.

அந்தப் பயணத்தை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கல்லூரியில் பாடம் நடத்தும்போதுகூட இரண்டொரு முறை சொன்னதுண்டு. ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தை மட்டும் மாற்றித்தான் சொன்னேன். இங்கே மாற்றாமல் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. பெரியப்பாவுக்கு நாகல் நகரில் புகையிலை மண்டி இருந்தது. வெற்றிலையோடு மெல்லுகிற புகையிலை. ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்களுக்கு ஒரு தோட்டமும் அதில் ஓர் உப்புக் கிணறும் உண்டு. அந்தத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புகையிலைக்கு அந்த உப்புதான் காரத்தைக் கொடுத்தது. ஊரில் மற்றவர்கள் தங்கள் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி என்று சொல்லிக்கொள்வார்கள். நாங்கள் எங்கள் கிணற்றை எந்த மாடும் தொடாது என்று சொல்லிக்கொள்வோம்.

மண்டபத்துக்குத் தெற்கே, கடலில் சின்னச் சின்னத் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றில் தள்ளியிருந்த ஒரு தீவில் சங்கு குளிக்கிறவர்கள் இருபது பேர் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட தங்கலுக்கு வாடி என்று பெயர். அந்த வாடிக்கு நான்கு வருடமாக எங்கள் மண்டிப் புகையிலைதான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சித்திரையில் வாடியின் மேஸ்திரியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. சரக்கில் பழைய காரம் இல்லை, யாழ்ப்பாணப் புகையிலைக்கு மாறிவிடலாம் என்று ஆட்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

பெரியப்பா அந்தக் கார்டை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்தது நான். "காரம் பத்தலையாமா? நானே கொண்டுபோயி அவன் வாயில வைக்கிறேன். ஏலே, நீயும் கெளம்பு. பரீச்சதான் முடிஞ்சுபோச்சுல்ல" என்றார்.

அம்மா புளிச்சோறும் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் வெஞ்சனமும் கட்டிக்கொடுத்தாள். "தண்ணியக் கண்டா எட்டவே நில்லுப்பா" என்று என்னிடம் சொன்னாள்.

"படகுல ஏறிக்கிட்டு எங்கிட்டுத்தா எட்ட நிக்கிறது?" என்று பெரியப்பா சிரித்தார். ஆனால் மண்டபத்துக் கரையில் படகைப் பார்த்ததும் அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, படகின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயில் வாசலில்தான் அவர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்.

"வண்டி எப்பக் கெளம்பும்?"

"காத்து வந்தாக் கெளம்பிரும் மொதலாளி."

"எப்ப வரும்?"

"அது நம்ம மண்டியில வேல பாக்கலையே மொதலாளி, கேட்டுச் சொல்ல."

சொன்னவர் படகுக்காரர். சிறிய பாய்மரப் படகை நடத்துகிறவரை அந்தப் பக்கத்தில் தண்டல் என்பார்கள். நாங்களும் அவரைத் தண்டல் என்றே கூப்பிட்டோம். நாற்பது வயதிருக்கும். கால்கள் குச்சி மாதிரி இருந்தன. கைகள் மட்டும் வேறு யாரிடமோ இருந்து வாங்கி மாட்டியதுபோல் தடித்திருந்தன. எங்கள் புகையிலைச் சிப்பங்களை ஓலைப்பாயில் சுற்றிப் பலகைமேல் அடுக்கினார். பிறகு பாய்மரத்தின் அடியில் ஆள் உயரத்தில் முக்கால்வாசி இருந்த ஒரு மரப்பீப்பாயை நிறுத்தி வைத்து, குடம் குடமாகக் குடிதண்ணீர் நிரப்பினார். அந்தச் சங்குத் தீவில் கிணறு இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்டல் கொண்டுபோகும் அந்த ஒரு பீப்பாய்தான் இருபது பேருக்கும் குடிக்கவும் பொங்கவும்.

மூடியை அழுத்திவிட்டுக் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிப் பீப்பாயைப் பாய்மரத்தோடு சேர்த்துக் கட்டினார். கட்டி முடித்ததும் ஓர் உதை விட்டுப் பார்த்தார். அது அசையவில்லை. "பத்து வருசமா ஏத்துறேன் தம்பி. ஒரு சொட்டு சிந்துனதில்ல" என்றார் என்னிடம். எங்கள் பெரியப்பா புகையிலையை விரலால் நசுக்கி முகர்ந்துவிட்டுப் பேசுகிற குரல் அது. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

காற்று வந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. காற்று வேகமெடுத்தால் அந்தச் சிறிய படகு பாய் விரிந்திருக்கும் பக்கமாகச் சாயும். அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கத்தில், கடலுக்குமேல் நீட்டிக்கொண்டு ஒரு பலகை இருந்தது. அதன் நுனியில் ஓர் ஆள் உட்கார்ந்து கனம் கொடுக்க வேண்டும். வழக்கமாக உட்காருகிறவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். தண்டல் பெரியப்பாவின் உடம்பை ஒருமுறை அளந்து பார்த்தார். "மொதலாளி ஒக்காந்தா பலகை போயிரும். தம்பி ஒக்காருவாகளா?"

"எங்க வீட்டுப் பய. ஒக்காருன்னா ஒக்காந்த எடத்துல வேர் விடுவான்" என்றார் பெரியப்பா.

"நான் எறங்குங்கன்னு சொல்றவரைக்கும் எந்திரிக்கக் கூடாது தம்பி. கடலே எந்திரிச்சாலும் நீங்க எந்திரிக்கக் கூடாது."

நான் உட்கார்ந்தேன். அந்தக் காலை நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிர்கிறது. கால்களுக்குக் கீழே கடல் ஓடியது. ஆழம் குறைந்த இடங்களில் அடியில் கிடந்த பவளப்பாறைகளும் அவற்றின்மேல் விழுந்த எங்கள் படகின் நிழலும் தெரிந்தன. அந்த நிழலில் பலகை நுனியில் ஒரு சிறிய புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தது. அது நான். காற்று ஓங்கும்போது "பின்னாடி சாயுங்க தம்பி" என்பார் தண்டல். நான் சாய்ந்தால் படகு நிமிரும். முப்பது கிலோ உடம்பு ஒரு படகை நிமிர்த்துகிறது! வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட என் உடம்பில் அவ்வளவு கனம் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

முதல் தீவில் தென்னைகள் இருந்தன. அடுத்ததில் வெறும் மணலும் செடியும். மூன்றாவதில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் என்று தண்டல் சொன்னார். ஒவ்வொரு தீவும் தூரத்தில் ஒரு கோடாகத் தொடங்கி, கிட்டே வரவர வெள்ளைக் கரையும் பச்சைத் தலையுமாக எழுந்து, பிறகு பின்னால் போய் மறுபடி கோடாகியது. பெரியப்பா ஒவ்வொன்றையும் பார்த்து, "இதுல எத்தன குழி நெலம் தேறும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நடுப்பகலுக்குள் அவருக்குக் கடல் பழகிவிட்டது. பழகினதும் அதிகாரம் வந்துவிட்டது. சுக்கானைத் தானும் பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

பாயின் முன்நுனியில் ஒரு கயிறு தளர்ந்திருந்தது. அதைச் சரிசெய்யத் தண்டல் முன்பக்கம் போக வேண்டியிருந்ததால் அவரும் சம்மதித்தார். "அந்தா தெரியுற தீவோட மொனைய மட்டும் பாருங்க மொதலாளி. வேற எங்கயும் பாக்கப்படாது." பெரியப்பா இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்து, முனையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்டல் குனிந்து பாய்க்கு அந்தப் பக்கம் போனார். அவருக்கும் எனக்கும் நடுவே பாய் முழுதாக விரிந்து நின்றது.

அப்போது படகின் மறுபக்கம் தண்ணீரில் ஓர் ஆமை தலையைத் தூக்கியது.

கிழட்டு ஆமை. அதன் ஓடு எங்கள் வீட்டு உரல் வட்டம் இருக்கும். அது மூச்சு விட்ட சத்தம்கூடக் கேட்டது. திண்டுக்கல்லில் போய்ச் சொல்வதற்கு ஆமையைக் கிட்டத்தில் பார்த்தேன் என்பதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு நிமிடம்தானே என்று பலகையைவிட்டு இறங்கி, படகின் குறுக்கே ஓடி, சாயும் பக்கத்து விளிம்பில் போய்ப் படுத்து எட்டிப் பார்த்தேன்.

அதே நேரம் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. கனம் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை; இருக்கக் கூடாத பக்கத்தில் இருந்தது. படகு அப்படியே சாய்ந்தது. விளிம்பு தண்ணீருக்குள் போக, என் இடுப்புவரை கடல் ஏறியது. எனக்குப் பின்னால் கயிறு கிரீச்சிடும் சத்தமும், அடுத்து ஒரு பெரிய மோதலும் கேட்டன. பீப்பாய் சாய்ந்து விழுந்து, மூடி பிடுங்கிக்கொண்டு, நல்ல தண்ணீர் முழுவதும் என்மேல் வழிந்து கடலில் போனது. முதலில் உப்பும் பிறகு இனிப்புமாக என் வாயில் பட்ட அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் நினைவிருக்கிறது.

தண்டல் முன்னாலிருந்தே பாய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு மெல்ல நிமிர்ந்தது. அந்த நேரத்துக்குள் நான் தவழ்ந்து பலகைக்குத் திரும்பிவிட்டேன். பெரியப்பா சுக்கானுக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். தண்டல் பாயை விலக்கிக்கொண்டு வந்தபோது அவர் பார்த்தது இதைத்தான்: விழுந்து கிடக்கும் பெரியவர், கவிழ்ந்து கிடக்கும் பீப்பாய், பலகையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சொட்டச் சொட்ட நனைந்திருந்தேன். "தம்பிக்கு அடி ஒண்ணும் படலையே?" என்று கேட்டார். பிறகு கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "எந் தப்புதான் மொதலாளி. கட்டு விட்ருச்சு" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அவர் என் ஈர உடம்பைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். ஆனாலும் மொதலாளி வீட்டுப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். என்ன நல்ல மனிதர்! பயம் போய்விட்டது. கொஞ்சம் கர்வம்கூட வந்தது. என்னைக் காப்பாற்ற ஒரு படகோட்டி பொய் சொல்கிறார் என்றால் நான் சாதாரண ஆள் இல்லையே.

பெரியப்பா எழுந்து உட்கார்ந்து, இடுப்பைத் தடவிக்கொண்டு, தண்டலைத் திட்டித் தீர்த்தார். "வக்கப் படப்புக்குக் கட்டுற கயித்துல பாதி கெட்டி இல்லையேய்யா ஒன் கட்டு! ஒரு சின்னப் பய, பாரு, இம்புட்டு ஆட்டத்துலயும் எடத்தவிட்டு அசையல. பத்து வருசமாத் தொழில் பாத்த மனுசன் நீ!" தண்டல் கேட்டுக்கொண்டே பீப்பாயை நிமிர்த்தி வைத்தார். நேரே வாடிக்குப் போய்ப் புகையிலையை இறக்கிவிடலாம், தண்ணீரை அப்புறம் பார்க்கலாம் என்றார் பெரியப்பா. அதற்கு மட்டும் தண்டல் ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணியில்லாம அவுக மொகத்துல முழிக்க முடியாது மொதலாளி. காலையிலயே அவுகளுக்குத் தீந்துபோயிருக்கும்" என்று படகைத் திருப்பினார்.

தண்ணீர் ஊறும் தீவுக்குத் திரும்பி வந்தோம். முழங்கால் ஆழக் குழி தோண்டி, ஊறிய தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு தகர டின்னில் ஊற்றி, இடுப்பளவு கடலில் நடந்துபோய்ப் பீப்பாயில் நிரப்ப வேண்டும். குழி ஒருதரம் நிறைவதற்குள் பெரியப்பா ஒரு வாய் வெற்றிலை போட்டு முடித்துவிடுவார். நானும் மொண்டேன். உள்ளங்கை தோல் உரியும்வரை மொண்டேன். "செத்த நேரம் ஒக்காருங்க தம்பி" என்று தண்டல் சொல்லியும் உட்காரவில்லை. அந்த உழைப்பு உண்மையானது. அதனாலேயே பின்னால் என் கதையை எல்லோரும் நம்பினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் வாடியை அடைந்தோம். இருபது பேரும் கரையில் நின்றார்கள். பகலெல்லாம் கடலுக்குள் மூழ்கி எழுந்து, உப்பு பூத்த உடம்போடு, காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் இல்லாமல் நின்றவர்கள். நடந்ததைப் பெரியப்பாதான் சொன்னார், உரத்த குரலில்.

"ஏ தண்டலு, கடலுக்குத் தாகம்னு ஊத்திட்டு வந்தியாக்கும்?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"இனிமே நீ தண்ணி கொண்டாற வேணாம். நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார் மேஸ்திரி.

தண்டல் தலையைக் குனிந்தபடி பீப்பாய் மூடியைத் திறந்தார். பெரியப்பா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, பலகையில் நான் உட்கார்ந்திருந்த அழகையும் தண்ணீர் மொண்டதையும் சொன்னார். என் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். மேஸ்திரி பார்த்தார். முதல் குவளையை மொண்டு, இருபது வறண்ட வாய்களுக்கும் முன்னால், என்னிடம் நீட்டினார்.

நான் குடித்தேன். முழுவதையும் குடித்தேன்.

தாகம் தீர்ந்து சோறு வெந்ததும் பெரியப்பா சிப்பத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு கிள்ளு கொடுத்தார். மெல்ல மெல்ல ஒவ்வொருவர் முகமும் வேர்த்தது. ஒருவன் விக்கினான். "இதுல்ல பொகையில!" என்றான் தண்டலைக் கேலி செய்தவன். யாழ்ப்பாணப் பேச்சு அத்தோடு போயிற்று. அன்று எங்கள் உப்புக் கிணறு ஜெயித்தது. பெரியப்பாவின் மார்பு அன்றைக்கு இருந்த அகலத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மறுநாள் காலை திரும்பும்போது காற்று இல்லை. படகு நகராமல் கிடந்தது. பெரியப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். தண்டல் காலிப் பீப்பாயைப் பாய்மரத்தோடு கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். காலிப் பீப்பாய்க்கு எதற்கு இத்தனை கட்டு என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க பலகையில இருந்தீக. ஒங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கும். படகு சாஞ்சு பீப்பா சாஞ்சுச்சா, பீப்பா சாஞ்சு படகு சாஞ்சுச்சா?"

நான் பீப்பாயைச் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தேன்.

"படகு அம்புட்டுச் சாஞ்சா எந்தக் கட்டும் விடத்தான் செய்யும். அது காத்து செஞ்ச வேல. படகு நேரா நிக்கையிலயே கட்டு விட்ருந்துச்சுன்னா, அது எங் கை. அதத்தான் கேக்குறேன்."

பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். யாராவது பின்னால் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும் என்று தண்டல் எனக்கு ஒத்திகை பார்க்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். நாங்கள் இருவரும் ஒரே கட்சி. அவர் ஆரம்பித்துவைத்த பொய்யை நான் சரியாக முடித்துவைக்க வேண்டும்.

"பீப்பாதான் மொதல்ல சாஞ்சுச்சு" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "அப்பச் சரி" என்று எழுந்து போனார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் திரும்பிச் சிரிக்கவில்லை. பெரியப்பா விழித்துக்கொள்வார் என்று எச்சரிக்கையாக இருக்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். பலகையை விட்டு அசையாத பையன், உள்ளங்கை தேயத் தண்ணீர் மொண்ட பையன். மண்டிக்கு வரும் வியாபாரிகளுக்குக்கூட என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஆமையைப் பார்த்ததை மட்டும் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அடுத்த சித்திரையில் பெரியப்பா தனியாக மண்டபம் போய்வந்தார். வந்த அன்று எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "அந்தத் தண்டல் இருந்தான்ல, தண்ணியே ஏத்துறதில்லையாம். கோவம் போயி மேஸ்திரியே ரெண்டு தடவ ஆள் விட்டுருக்காரு. வரலையாம். 'நேரா நிக்கிற படகுலயே எங் கட்டு விட்ருச்சு. இனி ஒரு உசுருக்கு நான் தண்ணி ஏத்த மாட்டேன்'னு வெறகு மட்டும் ஏத்திக்கிட்டுத் திரியிறானாம். ரோசத்தப் பாரு!" எல்லோரும் சிரித்தார்கள்.

பாய்க்கு அந்தப் பக்கம் நின்ற மனிதருக்கு, இந்தப் பக்கம் நான் செய்தது எப்படித் தெரிந்திருக்கும்? அன்று படகில் இருந்த எல்லோருமே நனைந்துதான் இருந்தோம். இந்தச் சின்ன விஷயம் எனக்குப் பிடிபட்டபோது முப்பது வயது தாண்டிவிட்டது. மதுரைக்குப் போய் மண்டபம் ரயில் ஏற ஒரு நாள் போதும். நான் போகவில்லை. போனால் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும் பையன் இல்லாமல் போவான்.

ஆனால் அன்று, சாப்பாட்டு இலைக்கு முன்னால், எனக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே, ஒரு வருடம் ஆகியும் எனக்காக விடாமல் நடித்துக்கொண்டிருக்கிறாரே, தண்டல் எவ்வளவு கெட்டிக்காரர் என்று வியந்தேன்.